பூஜையில் சேராத ஸ்க்ரூடிரைவர்

மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ரிசார்ட்டில் எல்லாக் காட்டேஜுக்கும் புதுக் கண்ணாடிக் கதவு போட்டாகிவிட்டதாம். சாவியே கிடையாது, அட்டையைக் காட்டினால் திறக்குமாம். அந்த மகிழ்ச்சியில் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். பழைய கதவுகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் நான் அனுபவக் கட்டுரை தர வேண்டுமாம். "இன்ஸ்பைரிங்கா இருக்கணும் சார். ரெண்டு பக்கம் போதும். நெகடிவா எதுவும் வேணாம்" என்றாள்.

நெகடிவ் இல்லாமல் எழுதத்தான் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை தாள் வெள்ளையாகவே இருந்தது. கடற்கரையில் இரும்போடும் அலுமினியத்தோடும் காலம் தள்ளியவனிடம் பாசிடிவாகக் கேட்டால் என்ன வரும்? உப்புதான் வரும். ஆகவே என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் அந்தோணிதாஸ். அச்சரப்பாக்கம் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள், நான் செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இருந்த அரம் ஒன்றே ஒன்று. அதுவும் பீரோவுக்குள் இருந்தது. படிப்பு அவ்வளவுதான். பிறகு மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்துக் கட்டிய இந்த ரிசார்ட்டில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று எண்ணெய்க் குப்பியும் பழைய துணியும் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற அன்று சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஓடவில்லை என்பதை நெகடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு காட்டேஜுக்கும் கடல் பக்கம் ஒரு சின்ன வராந்தா. அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு. 'உங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மட்டுமே' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். துருப்பிடித்த உருளைகள், கதவு ஓடும் டிராக்கில் பாதிக் கடற்கரை மணல், தனக்கென்று ஒரு மனசு வைத்திருந்த பூட்டு, இவையும் நடுவே இருந்தன. அவற்றுக்கு விளம்பரத்தில் இடம் போதவில்லை.

இந்தக் கதவுகளுக்குப் பிறவியிலேயே ஒரு விசேஷம் உண்டு. கதவு ஓடும் உருளைகளை ஏற்றி இறக்க, அடிச்சட்டத்தில் இரண்டு திருகாணி இருக்கும். அது அறைக்கு உள்பக்கம் வர வேண்டும். கட்டிய கான்ட்ராக்டர் கதவைத் திருப்பிப் போட்டு, திருகாணிகளை வராந்தா பக்கம் வைத்துவிட்டார். ஒரு கதவில் அப்படிச் செய்திருந்தால் தப்பு என்று சொல்லியிருப்பார்கள். எல்லாக் கதவிலும் செய்ததால் டிசைன் என்று சொல்லிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து கழற்றலாமே என்று நாங்கள் அவரைத் திட்டாத மாதமில்லை.

எங்கள் சீஃப் எஞ்சினியர் வரதராஜன் சார். திருக்கழுக்குன்றத்துக்காரர், கோயில் கைங்கர்யம் செய்த குடும்பம். அவர் நடந்து பார்த்திருக்கிறேன், ஓடிப் பார்த்ததில்லை. ஜெனரேட்டரில் புகை வந்த அன்றும் நடந்துதான் வந்தார். கடைநிலைத் தொழிலாளி வரை எல்லோரையும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். காலியான அறை என்று தெரிந்தும் கதவைத் தட்டி, 'குட் மார்னிங், எஞ்சினியரிங்' என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவார். யாரும் பதில் சொல்லாததில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கதவைச் சோதிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கைக்குட்டையை மடித்துத் தரையில் போட்டு அதில் ஒரு முழங்காலை ஊன்றுவார். கதவை மெதுவாக மூடிவிட்டு, பூட்டுப் பக்கம் காதை வைத்துக் கொக்கி விழும் சத்தத்தைக் கேட்பார். பிறகு எழுந்து சொல்வார்: "மிஸ்டர் தாஸ், இது மூடுது. ஆனா பூட்டலை. ரெண்டும் வேற." இதை ஒவ்வொரு காட்டேஜிலும் சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்பவன் மாதிரி தலையாட்டினேன்.

ஏழாம் நம்பர் காட்டேஜில் தலைகீழ் நோய். அதன் பூட்டில் ஸ்பிரிங் செத்துவிட்டது. கதவை வேகமாக மூடினால் கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து கைப்பிடிக் குமிழைத் தூக்கினால் திறக்கும். வெளியே இருப்பவருக்குச் சாவி வேண்டும். உருளைகளை நான் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் மாற்றி, ஒரு விரலால் தள்ளினால் ஓடும்படி செய்திருந்தேன். பூட்டையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பூட்டு வேண்டும், பூட்டுக்குப் பர்ச்சேஸ் சேகர் மனசு வைக்க வேண்டும்.

சேகர் படூரிலிருந்து பைக்கில் வரும் ஆள். பொருளை போட்டோ பார்த்து வாங்குவதில் நிபுணர். பழைய பூட்டைக் கழற்றி, மேல் திருகு ஓட்டையிலிருந்து கீழ் ஓட்டை வரை எவ்வளவு, உடம்பு எவ்வளவு ஆழம், கொக்கி எந்த உயரத்தில் எந்தப் பக்கம் வளைகிறது, எல்லாம் அளந்து எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். முதலில் வந்த பூட்டுக்குக் கொக்கி இடப்பக்கம். அடுத்து வந்ததற்குத் திருகு ஓட்டை விரற்கடை தள்ளி இருந்தது.

"இன்னா அண்ணாத்த, கிட்டத்தட்ட கரெக்டாதானே கீது?" என்றார்.

"சேகரு, கிட்டத்தட்ட பூட்னா இன்னா அர்த்தம் தெர்யுமா? தொறந்து கீதுன்னு அர்த்தம்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ அண்ணாத்த. நீ பார்க்காத வேலையா?"

புகழ்ந்து வேலை வாங்குவது பர்ச்சேஸ்காரர்களின் கை வைத்தியம். பழைய பூட்டையே மறுபடி மாட்டி வைத்தேன். அந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது.

வரதராஜன் சாரின் ஆயுத பூஜையைச் சொல்லாமல் எங்கள் டிபார்ட்மென்ட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஒர்க்‌ஷாப்பைக் கழுவிக் கோலம் போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், டிரில், ஏணி, மோட்டார் எல்லாம் பூச்சரத்தோடு வரிசையாக உட்காரும். அன்றைக்கு மட்டும் சார் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியில் வருவார். கற்பூரம் காட்டிய பிறகு, மறுநாள் காலை மறுபூஜை வரை ஒரு ஆயுதத்தையும் யாரும் தொடக் கூடாது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பொரியும் கடலையும் மூட்டையாக வரும், வாசலில் பூசணிக்காய் உடையும். நானும் உடைத்திருக்கிறேன். பூசணிக்காய் ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் கேட்பதில்லை.

கருவிகளோடு அவர் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு காட்டேஜ் காட்டேஜாகப் போய்விட்டார். "விருந்தாளிகளைக் காப்பாத்துறது பூட்டுதானே மிஸ்டர் தாஸ், அதுக்கு மரியாதை வேண்டாமா?" என்று ஒவ்வொரு பூட்டுக்கும் கை நிறையச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கே வைத்தார்? வட்டமாக, பார்க்க நெற்றி மாதிரி இருந்த இடத்தில். அது சாவித் துவாரம். காலை வெயிலில் சந்தனம் காய்ந்து கல்லாகிப்போனது.

பூஜை முடிந்து நாங்கள் பொரி தின்றுகொண்டிருந்தபோது, ஹவுஸ்கீப்பிங் செல்வி ஓட்டமாக வந்தாள்.

"அண்ணாத்த, ஏழாம் நம்பர்ல கொயந்த உள்ள மாட்டிகிச்சு! அம்மாக்காரி வெளிய நிக்குது! பாத்ரூம்ல தண்ணி ரொம்பிகினு கீது!"

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். குழந்தையைக் குளிப்பாட்டக் குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, நீச்சல்குளத்தில் இருந்த புருஷனைக் கூப்பிட வராந்தாவுக்கு ஓர் எட்டு வந்திருக்கிறாள். அப்போதுதான் நடை பழகி ஓடத் தொடங்கிய பெண் குழந்தை, என் கைவண்ணத்தில் ஒரு விரலுக்கு ஓடும் அந்தக் கதவை இழுத்து மூடிவிட்டது. கொக்கி தானாக விழுந்துவிட்டது. குழந்தை வெளியே ஓடிவிடக் கூடாதே என்று முன்கதவில் அவளே உள்சங்கிலி போட்டு வைத்திருந்ததால், அந்தப் பக்கம் மாஸ்டர் சாவியும் உதவாது.

நான் போனபோது அவள் கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை மறுபக்கம் மூக்கை அழுத்திக்கொண்டு சிரித்தது. அதற்குப் பின்னால் குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது, தண்ணீர் அறைக்குள் வழிந்து வந்துகொண்டிருந்தது.

"என்னைப் பார்த்துட்டு இருக்கிற வரைக்கும் அது இங்கயே நிக்கும்" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகம் மாறாமல், குரல் மட்டும் நடுங்க. "நான் அழுதா அதுவும் அழுதுட்டு உள்ள போயிடும். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கண்ணா."

சாவியை வைத்தேன். அரை நகம் அளவுகூட உள்ளே போகவில்லை. செல்வி தன் கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தாள், ஊசி வளைந்தது.

"சந்தனம் வச்சிகீறாரு அண்ணாத்த. கெட்டியா ஒட்டிகிச்சு."

செக்யூரிட்டிக்காரர் பெரிய கல்லோடு வந்து நின்றார். அது அந்தக் காலத்துக் கண்ணாடி, உடைந்தால் தூளாகாது, கத்தி கத்தியாக விழும். குழந்தையின் மூக்கு அதில்தான் ஒட்டியிருந்தது. கல்லைக் கீழே போடச் சொன்னேன். முன்கதவுச் சங்கிலியை அறுக்க ஆள் அனுப்பலாம், அறுக்கும் கட்டர் சாமிக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் பிளம்பர் முருகன் காட்டேஜுக்கு வரும் தண்ணீரை வால்வில் மூடினான். அதற்குள் தொட்டி நிரம்பிவிட்டிருந்தது. நிரம்பிய தொட்டி போதுமே, ஒரு குழந்தைக்கு.

ஒரு வழி இருந்தது. அந்தக் கொக்கி கீழ்நோக்கி வளைந்தது. கதவையே கொஞ்சம் தூக்கினால் கழன்றுகொள்ளும். தூக்க மேலே இடம் வேண்டும். உருளைத் திருகாணிகளைத் திருப்பினால் கதவு இறங்கி இடம் கிடைக்கும். திருகாணிகள், கான்ட்ராக்டர் புண்ணியத்தில், எங்கள் பக்கம்தான் இருந்தன. பல வருஷம் திட்டிய மனுஷனை அன்றைக்கு மனசார வாழ்த்தினேன். குறை ஒன்றுதான்: ஒரு எஞ்சினியரிங் டிபார்ட்மென்ட் முழுக்க அங்கே நின்றது, ஒருவரிடமும் ஸ்க்ரூடிரைவர் இல்லை. எல்லோர் கையிலும் பொரி இருந்தது.

"ஒர்க்‌ஷாப்பு பூட்ட ஒடச்சிடலாமா?" என்றேன்.

"சாமிகிட்ட வச்சத எப்டி அண்ணாத்த எடுக்கறது? சாருக்குத் தெரிஞ்சா பேஜாரு" என்றான் முருகன். பிறகு முகம் மலர்ந்தான். "நீ அல்லேலூயாதானே, நீ தொட்டா தப்பில்ல. நீ போய் எட்த்துகினு வா!"

மதநல்லிணக்கம் இவ்வளவு அவசரமாக வந்து நான் பார்த்ததில்லை. நான் தொடத் தயார்தான், பூட்டைத் திறக்க வேண்டுமே என்று கத்தினேன். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நியாயம் பேசினோம். அந்தச் சத்தத்தில் குழந்தை அம்மாவை விட்டு எங்களைப் பார்த்தது. முகம் கோணியது. திரும்பிக் குளியலறைப் பக்கம் நடந்தது. ஈரத் தரையில் கால் வழுக்கி உட்கார்ந்து, மறுபடி எழுந்தது. அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். செல்வி முந்தானையை முகத்தில் போட்டு, எடுத்து, 'பூச்சாண்டி' காட்டினாள். எங்கள் வாய் மூடிக்கொண்டது. எனக்கு அன்று வந்த பயம் பிறகு என் சொந்தப் பிள்ளைகளுக்காகக்கூட வந்ததில்லை.

அப்போதுதான் தென்னைமரங்களுக்கு நடுவே வரதராஜன் சார் ஓடி வந்தார். நடந்து மட்டுமே பார்த்த மனுஷன், வெற்றுடம்போடு, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். செக்யூரிட்டி வாக்கி-டாக்கியில் சொன்னதைக் கேட்டு, யாரும் சொல்லாமலே ஒர்க்‌ஷாப்பைத் திறந்து சரஸ்வதி முன்னாலிருந்து எடுத்திருக்கிறார். இன்னொரு கையில் நீளமான ஸ்க்ரூடிரைவர். கைப்பிடியில் சந்தனம், அதன் கழுத்தில் மல்லிகைச் சரம்.

கைக்குட்டை தேடவில்லை. வராந்தாவில் படிந்த மணலிலேயே மண்டி போட்டார். "மிஸ்டர் தாஸ், அந்தப் பக்கம் பிடிங்க. நான் இறக்குறேன். சொன்னதும் தூக்குங்க." பூவோடு சேர்த்தே திருகினார். ஒரு திருகாணி சுற்றியது. அடுத்தது உப்பில் இறுகிக் கிடந்தது. உடம்பு எடையை அதன் மேல் வைத்தார், நெற்றியில் நரம்பு புடைத்தது. இறங்கியது. "தூக்குங்க!" முருகனும் நானும் தூக்கினோம். கொக்கி கழன்ற சத்தத்தை, காது வைக்காமலே எல்லோரும் கேட்டோம்.

அம்மாக்காரி எங்களைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். குழந்தை தொட்டியின் விளிம்பைப் பிடித்து, எட்டி, மிதந்த பிளாஸ்டிக் வாத்தை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கி நெஞ்சோடு சேர்த்த பிறகுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். சார் மணலிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், சந்தனம் காய்ந்த சாவித் துவாரத்தைப் பார்த்தார். "நான்தான் வச்சேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

சரியான பூட்டு மறுநாளே வந்துவிட்டது. ஜெனரல் மேனேஜர் கத்திய கத்தில் சேகருக்கு அளவு பார்க்கும் கலை ஒரே ராத்திரியில் கைவந்துவிட்டது. மறுபூஜை முடிந்ததும் சாரும் நானும் உட்கார்ந்து மாட்டினோம். பழைய கைப்பிடித் திருகுகளின் தலை உப்பில் கரைந்துபோயிருந்ததால் டிரில் போட்டு எடுத்தோம். பூட்டின் உடம்பை உருவி, அது உட்காரும் குழியைச் சுரண்டித் துடைத்தோம். டிராக்கில் இருந்த மணலை அள்ளிக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தோம். புதுப் பூட்டைச் செருகி, திருகுகளை முழுதாக இறுக்காமல் விட்டோம். கதவு நேராக நிற்கும் வரை உருளைகளை ஏற்றிய பிறகுதான் கொக்கி மாட்டும் தகட்டுக்கு வந்தோம். கொக்கி அதில் எங்கே இடிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. சார் ஒரு பொட்டுச் சந்தனத்தைக் கொக்கியின் நுனியில் தொட்டு வைத்தார். கதவை மூடித் திறந்தார். தகட்டில், ஓட்டைக்குக் கொஞ்சம் மேலே, மஞ்சளாக ஒரு புள்ளி. தகட்டை அந்த அளவுக்கு ஏற்றி மாட்டினோம். கொக்கி சத்தமில்லாமல் உள்ளே போனது.

"சந்தனம் வைக்க வேண்டிய இடம் இதுதான், மிஸ்டர் தாஸ்" என்றார். பிறகு கைக்குட்டையை மடித்துப் போட்டு, காதை வைத்துக் கேட்டார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. கற்பூரம் ஏற்றுவதற்கு முன் சார் என்னைக் கூப்பிட்டு அதே நீள ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தார். அதற்குச் சந்தனமும் வைக்கவில்லை, பூவும் சுற்றவில்லை.

"இது பூஜையில சேராது. இதுக்கு இன்னிக்கு டூட்டி. நீங்க இதை வச்சுக்கிட்டு வெளிய நில்லுங்க."

வெளியே நில் என்ற சொல்லை என் அப்பா நிறையக் கேட்டிருக்கிறார். களத்துமேட்டிலும் கேட்டிருக்கிறார், கடைவாசலிலும் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தது எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். ஒவ்வொரு வருஷமும் ஒர்க்‌ஷாப் வாசலில், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு, பொரியைத் தின்றுகொண்டு நின்றேன். ஒரு வருஷம் புதிதாக வந்த மனிதவள மேனேஜர் இதைப் பார்த்து, கிறிஸ்தவ ஊழியரை வெளியே நிறுத்துகிறார்கள் என்று விசாரணையே வைத்துவிட்டார். எனக்காக அவ்வளவு கண்ணீர் விட்ட மேனேஜர், என்னை மட்டும் எதுவும் கேட்கவில்லை. சாரைக் கேட்டார்கள். "அவர் டூட்டியில இருந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நடந்து வந்துவிட்டார்.

சார் ஓய்வுபெற்றார், பிறகு காலமானார். திருக்கழுக்குன்றத்துக்குப் போய்ப் பார்த்து, அழுதுவிட்டு வந்தேன். நான் ஓய்வுபெற்றபோது சால்வை, கடிகாரத்தோடு இன்னொன்றும் என் பையில் வந்தது. அது ரிசார்ட்டின் சொத்து. திருட்டு என்று சொல்ல விரும்புபவர்கள், மலரில் அதையும் போட்டுக்கொள்ளலாம்.

போன ஆயுத பூஜைக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். புதுச் சீஃப் நல்ல பையன், என்னை 'அண்ணாத்த' என்பான். லேப்டாப் முதல் ஏணி வரை எல்லாம் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அப்போதே போட்டிருந்த சில புதுக் கதவுகளில் அட்டை காட்டும் இடத்திலெல்லாம் பயபக்தியோடு சந்தனம் அப்பியிருந்தார்கள்.

"முன்வரிசைல உங்களுக்கு சேர் போட்டுகீறோம், உள்ள வாங்க அண்ணாத்த. இன்னாத்துக்கு வாசல்லயே நின்னுகினு கீறீங்கோ?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"டூட்டி" என்றேன்.